முதல் ஊடாடும் பாடம், திறந்த உரிமத்தோடு: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பலவற்றைப் படிக்கலாம், ஆனால் திருத்த முடியாது. ஒரு எடுத்துக்காட்டை மாற்றவோ கேள்வியை எளிதாக்கவோ அனுமதி இருக்காது. திறந்த கல்வி வளம் அந்த அனுமதியை முன்கூட்டியே தந்துவிடுகிறது: வைத்துக்கொள்ளலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், வேறொன்றோடு கலக்கலாம், பகிரலாம். அப்படி ஒரு சின்னப் பாடத்தை இங்கே சேர்ந்து செய்து பார்ப்போம். தலைப்பு, நிலவின் பிறைகள்.

1. ஒரே ஒரு நோக்கம்

“பிறைகளைப் பற்றித் தெரிந்துகொள்வார்” என்று எழுதினால் அதைச் சோதிக்க வழியில்லை. “பிறை ஏன் தோன்றுகிறது என்று தன் சொற்களில் விளக்குவார்” என்று எழுதுங்கள். இந்த வரிக்கு உதவாத படம், வீடியோ எதுவும் பாடத்துக்குள் வர வேண்டாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

2. இருப்பதைத் தேடுங்கள், உரிமத்தைப் பாருங்கள்

விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் களஞ்சியத்தில் நிலவின் படங்கள் நிறைய உண்டு. தேடுபொறியில் ஒரு படம் கண்ணில் பட்டது என்பதற்காக அதை எடுத்துவிடக் கூடாது. அது இருக்கும் பக்கத்துக்கே போய் உரிமத்தைப் படியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் (சுருக்கமாக சிசி) என்பவை, ஆக்கியவர் மற்றவர்களுக்கு முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமங்கள். அவற்றில் ‘பிஒய்’ என்றால் ஆக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும். ‘எஸ்ஏ’ என்றால் நீங்கள் மாற்றி வெளியிடுவதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். ‘என்சி’ வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிறது. ‘என்டி’ இருந்தால் மாற்றிய வடிவத்தைப் பகிர முடியாது, மொழிபெயர்ப்பும் இதில் அடங்கும். ஆகவே என்டி பொருளை இந்த வேலைக்கு விட்டுவிடுங்கள்.

எடுத்த உடனேயே தலைப்பு, ஆக்கியவர், மூல இணைப்பு, உரிமம் ஆகிய நான்கையும் ஒரு கோப்பில் குறித்துவையுங்கள். பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பக்கம் மறுபடி கையில் சிக்காது.

3. கருவி

ஹெச்5பி, ஊடாடும் பாடங்களை உருவாக்க உதவும் ஒரு இலவசக் கட்டற்ற மென்பொருள். கேள்வித் தொகுப்பு, வீடியோவின் நடுவே கேள்வி, இழுத்துப் பொருத்துதல் என்று பல வகைச் செயல்பாடுகள் இதில் உண்டு. உங்களிடம் இணையதளம் இல்லையென்றால் லூமி என்ற இலவசச் செயலியைக் கணினியில் நிறுவி அதிலேயே உருவாக்கலாம். மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு 3.8 பதிப்பிலிருந்து ஹெச்5பி உள்ளேயே இருக்கிறது.

4. தவறான விடைக்கு உயிர் கொடுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பலவுள் தெரிவுக் கேள்வி ஒன்றைத் திறந்து “பிறை ஏன் தோன்றுகிறது?” என்று எழுதுங்கள். தவறான விடைகளை வாய்க்கு வந்தபடி போடாதீர்கள். மக்கள் உண்மையிலேயே நம்பும் தவறு எது? “பூமியின் நிழல் நிலவின் மேல் விழுவதால்.” அதையே ஒரு விடையாக வையுங்கள்.

ஒவ்வொரு விடைக்கும் கீழே பின்னூட்டம் எழுத இடம் இருக்கும். வெறும் “தவறு” என்பது யாருக்கும் எதையும் கற்றுத்தராது. இப்படி எழுதலாம்: “பூமியின் நிழல் விழுவது சந்திர கிரகணத்தின்போது. அது பௌர்ணமியில் மட்டுமே நடக்கும். மாலையில் மேற்கே பிறை தெரியும்போது அதன் ஒளிரும் பக்கம் எதை நோக்கி இருக்கிறது?” இதில் விடையை நாம் சொல்லவில்லை. சூரியனை நினைத்துப் பார்க்க வைக்கிறோம். சரியான விடைக்கும் காரணம் சொல்லுங்கள்: நிலவின் ஒரு பாதி எப்போதும் ஒளி பெறுகிறது. அது பூமியைச் சுற்றும்போது அந்தப் பாதியில் நமக்குத் தெரியும் பங்கு மாறுகிறது. குருட்டாம்போக்கில் சரியாக அழுத்தியவரும் அதைப் படிக்க வேண்டுமே.

அப்புறம், வெற்றிடம் நிரப்பும் கேள்வி. விடைச்சொல்லின் இருபுறமும் உடுக்குறி இட்டால் அது வெற்றிடமாகிவிடும். மாற்று விடைகளைச் சாய்கோட்டால் பிரியுங்கள்: \*பௌர்ணமி/பவுர்ணமி/முழுநிலவு\*. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிலர் ‘பௌ’ என்பதை ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் சேர்த்துத் தட்டச்சுவார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு அது வேறு சொல். அந்த வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள். சரியாக எழுதியவருக்குத் “தவறு” என்று காட்டுவது பெரிய அநியாயம்.

5. ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்

கைபேசியில் திறந்து, பாடம் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். பக்கத்தில் இருந்து விளக்காதீர்கள். எங்கே விரல் நிற்கிறது, எந்தக் கேள்வியை இரண்டு முறை படிக்கிறார் என்று கவனியுங்கள். அந்த இடங்களைத் திருத்துங்கள். படங்களுக்கு மாற்று உரை எழுதியாயிற்றா என்றும் பாருங்கள். திரையில் இருப்பதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவருக்கு அந்த உரைதான் படம்.

6. வெளியிடுங்கள்

உங்கள் பாடத்துக்கு சிசி பிஒய் 4.0 உரிமத்தைப் பரிந்துரைப்பேன், திருத்துபவருக்கு அதில் தடை குறைவு. ஆனால் எஸ்ஏ உரிமப் படத்தை மாற்றிப் பயன்படுத்தியிருந்தால் அந்த மாற்றிய படம் எஸ்ஏ உரிமத்தில்தான் வர வேண்டும். குறித்துவைத்த நான்கு விவரங்களையும் பாடத்தின் கடைசித் திரையில் போடுங்கள்.

லூமியிலிருந்து ஹெச்டிஎம்எல் கோப்பாகவும் எடுக்கலாம், உலாவியில் அப்படியே திறக்கும். ஆனால் அதைத் திருத்துவது கடினம். அதனால் மூல ஹெச்5பி கோப்பையும் பக்கத்திலேயே பதிவிறக்க வையுங்கள். அது இல்லாவிட்டால் உரிமம் அனுமதித்தும் இன்னொரு ஆசிரியரால் உங்கள் கேள்வியைத் தன் வகுப்புக்கு ஏற்றபடி மாற்ற முடியாது.