எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் புற்றுநோய் போய்விடுமா?

பினாங்கில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் போதும், சபா பாம்புப் புல்லும் முள்சீத்தா இலையும் வீடு தேடி வந்துவிடும். கொண்டுவருபவர்களின் அன்பில் குறை இல்லை. கூடவே வரும் விளக்கம்தான் தவறு: “எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வந்தது, கூட்டினால் சரியாகிவிடும்.”

பல நோயாளிகளின் கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால், நோயைக் கொல்ல வேண்டிய டி அணுக்கள் (எதிர்ப்புச் சக்தியின் படைவீரர்களான ஒருவகை வெள்ளையணுக்கள்) அதற்குள்ளேயே நிற்பது தெரியும். வந்து சேர்ந்தும் ஏன் கொல்லவில்லை? டி அணுவின் மேல் பிடி-1 என்றொரு புரதம் உண்டு. நம் சொந்த உறுப்புகளையே தாக்கிவிடாமலிருக்க உடல் வைத்திருக்கும் பிரேக் அது. புற்றணு தன் மேற்பரப்பில் பிடி-எல்1 என்ற புரதத்தை நீட்டி அந்தப் பிரேக்கை அழுத்துகிறது. இதைவிடத் தந்திரமானது ஒன்றுண்டு. டி அணு தாக்கும்போது வெளியிடும் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளே, பிடி-எல்1ஐ மேலும் உண்டாக்கும்படி புற்றணுவைத் தூண்டிவிடுகிறது. தாக்குதலே எச்சரிக்கையாகிவிடுகிறது! அதோடும் நிற்பதில்லை. பிடி-எல்1 பொதிந்த நுண்பைகளைப் புற்றணு இரத்தத்திலும் விடுகிறது. கிருமிகளை விழுங்கி அழிக்கும் வெள்ளையணுக்களான விழுங்கணுக்களைத் தன் பக்கம் திருப்பி, தனக்கு இரத்தக்குழாய் வளர்க்கவும் வைக்கிறது.

பிரேக் அழுத்தப்பட்டிருக்கும்போது சத்துமாவும் கஷாயமும் என்ன செய்யும்? ஜப்பானிய விஞ்ஞானி ஹோன்ஜோ 1992இல் பிடி-1ஐக் கண்டறிந்தார். சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கைத் தடுத்தால் கட்டி கரைவதை எலிகளில் காட்டினார் அமெரிக்க விஞ்ஞானி ஆலிசன். இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் இன்றைய இம்யூனோதெரபி மருந்துகளில் பல இந்தப் பிரேக்குகளை விடுவிப்பவை.

அடுத்த தவறு இங்கிருந்தே பிறக்கிறது. கீமோ இல்லை, முடி கொட்டாது, ஆகவே பயமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பிரேக் விடுபட்ட டி அணு குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு என எதையும் தாக்கலாம். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழித்துக்கூட இது வரும். வயிற்றுப்போக்கு தொடங்கினால் நேற்றுச் சாப்பிட்ட நாசி கண்டார் மீது பழியைப் போட்டு, பக்கத்து கிளினிக்கில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள். அது குடல் அழற்சியாக இருந்தால் ஸ்டீராய்டு தேவைப்படலாம். கவனிக்காமல் விட்டால் குடலில் ஓட்டைகூட விழலாம். எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதலில் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் மூலிகையை மறைப்பது மூன்றாவது தவறு. திட்டுவார்களோ என்ற கூச்சம் புரிகிறது. ஆனால் இரத்தச் சோதனையில் கல்லீரல் என்சைம் ஏறும்போது காரணம் மருந்தா, இலைச்சாறா என்று மருத்துவர் தடுமாறுவார். பலன் தந்துகொண்டிருக்கும் மருந்தை வீணாக நிறுத்தவும் நேரலாம்.

கட்டியின் சோதனை அறிக்கையில் வரும் பிடி-எல்1 சதவீதத்தைப் பரீட்சை மதிப்பெண்ணாகப் படிக்கவும் வேண்டாம். குறைவாக இருந்தும் பலனடைந்தவர்கள் உண்டு, அதிகம் இருந்தும் பலனில்லாதவர்கள் உண்டு. சோதித்தது கட்டியின் ஒரு சிறு துண்டைத்தான்.

முடக்குவாதம், சொரியாசிஸ் போன்ற, எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்குவதால் வரும் பழைய நோய்களைச் சொல்லாமல் விடுவதும் ஆபத்து. அவை மீண்டும் கிளம்பலாம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் முதல் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லியாக வேண்டும். விடுபட்ட டி அணுக்கள் அந்தச் சிறுநீரகத்தையே அந்நியமென்று தாக்கிவிடக்கூடும்.