ஸ்கோப் மேல ஏறாம நிண்ட கதை (என் அனுபவம்)

மண்டூர் பக்கம் எங்கட வயல் வாடியில மண் மூட்டைக்கு முன்னால காட்போட் மட்டை கட்டி, மாமாட எயார் ரைபிளுக்கு ஸ்கோப் (குறி பாக்குற தொலைநோக்கி) போட்டு 25 யார்ல சுட்டுப் பாத்தன், எல்லாக் குண்டும் நாலு இஞ்சி கீழ. டரட்ல (குறிய ஏத்தி இறக்க கிளிக் கிளிக்கா திருப்புற குமிழ்) ஒரு கிளிக்குக்கு கால் எம்ஓஏ (கோண அளவு, ஒரு எம்ஓஏ 100 யார்ல கிட்டத்தட்ட ஒரு இஞ்சி) எண்டு கிடந்திச்சி, நான் கிளிக்குக்கு கால் இஞ்சி எண்டு நினைச்சி 16 திருப்பினன், ஒரு இஞ்சிதான் ஏறிச்சி. அந்தக் கணக்கு 100 யாருக்கு, 25ல ஒரு இஞ்சிக்கே 16 கிளிக் வேணும். இது விளங்கவே ஒரு பின்னேரம் போச்சி!

மறுகா திருப்பத் திருப்ப டரட் இறுகி நிண்டுட்டு, இன்னும் ஒரு இஞ்சி கீழதான். மாமா பாத்துட்டு, "மனே, அத முறிச்சிராத, குழல்தான் மூக்குக் குத்திக் கிடக்கு" எண்டார். குழல மடிச்சிக் குண்டு போடுற ரைபிள்கள்ல இது வழமைதான்.

டரட்ட பன்னெண்டு கிளிக் இறக்கிட்டு, சோடா டின் தகட்டுல ரெண்டு துண்டு ரிங் (ஸ்கோப்ப ரைபிளோட பிடிக்கிற வளையம்) அகலத்துக்கு வெட்டி, ஓரத்த அரத்தால தேச்சி, பின் ரிங்குக்குள்ள ஸ்கோப்புக்கு அடியில வெச்சன் (முன் ரிங்குல வெச்சா இன்னும் கீழ போகும்). ஸ்குரூவ மாறி மாறி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, மூண்டு மூண்டு குண்டா சுட்டுப் பாத்தன், ரெண்டு கிளிக்குல நடு வட்டத்துக்க வந்திட்டு.