மல்லிகை மணக்கும் கிரீன் டீ காக்டெய்ல்: முதன்முறையாகச் செய்பவர்களுக்கு

பூமணம் உள்ள காக்டெய்ல் என்றவுடன் பலரும் எசென்ஸ் பாட்டிலையோ ரோஸ் சிரப்பையோ தேடுகிறார்கள். அவை எதுவும் இல்லாமல், தேயிலையில் ஏற்றப்பட்டிருக்கும் மல்லிகை மணத்தை மட்டுமே நம்பிச் செய்யும் ஒரு பானத்தை இங்கே விளக்குகிறேன். ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, சோடா ஆகியவற்றை ஐஸ் நிறைந்த உயரமான கிளாசில் சேர்க்கும் 'டாம் காலின்ஸ்' என்ற பழைய பானத்தின் அமைப்பே இதற்கும் அடிப்படையாகும். சோடாவின் பெரும்பகுதிக்குப் பதிலாகக் குளிர்ந்த மல்லிகைத் தேநீரை, அதாவது மல்லிகை மணம் ஏற்றிய கிரீன் டீயைச் சேர்க்கிறோம். சித்திரையும் வைகாசியுமான இளவேனில் மாலைகளுக்கு இந்தப் பானம் நன்கு பொருந்தும்.

தேயிலையைத் தேர்ந்தெடுத்தல்

பானத்தின் தரத்தை ஜின்னைவிடத் தேயிலையே அதிகம் தீர்மானிக்கிறது என்பதால், செலவழிக்க வேண்டிய பணத்தை இதில் செலவழிப்பது நல்லது. மல்லிகைத் தேநீருக்குப் பெயர் பெற்றது சீனாவின் ஃபுஜியான் மாகாணத்தில் உள்ள ஃபூசோ நகரம். அங்குள்ள மல்லிகை, தேயிலைப் பண்பாட்டை ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2014-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளில் ஒன்றாக அங்கீகரித்தது. வசந்த காலத்தில் பறித்துப் பதப்படுத்திய தேயிலையைக் கோடையில் மல்லிகை பூக்கும் வரை காத்திருந்து, பகலில் பறித்த மொட்டுகள் இரவில் மலரும் நேரத்தில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து வைப்பார்கள். விடிந்ததும் பூக்களைச் சலித்து நீக்கிவிட்டுத் தேயிலையை மீண்டும் உலர்த்துவார்கள். உயர்ந்த ரகங்களுக்கு இது பல இரவுகள், புதிய மொட்டுகளைக் கொண்டு, திரும்பத் திரும்ப நடக்கும். ஆகவே, பொட்டலத்துக்குள் காய்ந்த இதழ்கள் நிறையக் கிடந்தால் அதை உயர்தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மணத்தைக் கொடுத்த பூக்கள் முன்பே நீக்கப்பட்டிருக்கும்.

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும், ஃபூசோ தேயிலைக்கு மணம் ஏற்றும் மல்லிகையும் 'ஜாஸ்மினம் சம்பக்' என்ற ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. நல்ல மல்லிகைத் தேயிலையின் பொட்டலத்தைப் பிரித்தவுடன் நம் மூக்குக்கு அந்த மணம் அந்நியமாகத் தோன்றாததற்கு அதுவே காரணம்.

தேநீரைத் தயாரித்தல்

நான்கு பேருக்கான அளவு இது. 10 கிராம் மல்லிகைத் தேயிலையை 500 மில்லி குளிர்ந்த குடிநீரில் போட்டு, மூடி, ஃபிரிட்ஜில் 6 முதல் 8 மணி நேரம் வைத்து, பின்பு மெல்லிய வடிகட்டியில் பிழியாமல் வடிகட்டுங்கள். தேயிலைப் பைகள்தான் கிடைக்கின்றன என்றால், ஒரு பையில் பொதுவாகச் சுமார் 2 கிராம் இருக்கும் என்பதால் ஐந்து பைகள் போதும். குடிப்பதற்கான தேநீரைவிட இது சற்றுக் கடுமையாக இருக்கும். ஐஸ் கரைந்து நீர்க்கப்போகும் பானத்துக்கு அந்தக் கடுமை தேவை.

குளிர்ந்த நீரை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தேயிலையின் துவர்ப்புக்கும் கசப்புக்கும் காரணமான கேட்டசின்களும் காஃபீனும் வெந்நீரில் வேகமாகவும் மிகுதியாகவும் இறங்குகின்றன, குளிர்நீரில் மெதுவாகவும் குறைவாகவும் இறங்குகின்றன. எலுமிச்சையின் புளிப்பும் ஜின்னின் காரமும் சேரும்போது, தேநீரில் இருக்கும் சிறிய கசப்புகூடப் பெரிதாகத் தெரியும். அவசரமாகச் செய்ய வேண்டியிருந்தால், கொதித்த நீரைச் சுமார் 80 டிகிரி செல்சியஸுக்கு ஆறவிட்டு, அதில் 250 மில்லி எடுத்து அதே 10 கிராம் தேயிலையை மூன்று நிமிடங்களுக்கு மிகாமல் ஊறவைத்து வடிகட்டி, உடனே 250 கிராம் ஐஸைச் சேர்த்துக் குளிரவையுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தேயிலை வீணாகிவிடும்.

பாகும் சாறும்

100 கிராம் வெள்ளைச் சர்க்கரையை 100 மில்லி சூடான நீரில் கரைத்து ஆறவைத்தால் பாகு தயார். கம்பிப் பதம் எதுவும் பார்க்க வேண்டாம். தேனும் நாட்டுச் சர்க்கரையும் உடலுக்கு நல்லவை என்று சிலர் அவற்றைச் சேர்க்கச் சொல்வார்கள். காக்டெய்லில் உடல்நலம் தேடுவது இருக்கட்டும், அவற்றின் சொந்த மணம் மல்லிகையை மூடிவிடும் என்பதால் இங்கே வேண்டாம். எலுமிச்சையைப் பரிமாறும் நாளிலேயே பிழிந்து, விதையையும் சக்கையையும் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

ஜின்

ஜின்னுக்கு அடிப்படை மணம் தரும் ஜூனிபர் காயின் பிசின் வாசனை தூக்கலாக இருக்கும் ரகங்களைத் தவிர்த்து, மென்மையான பூ அல்லது பழ வாசனை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஜப்பானின் சன்டோரி நிறுவனம் 2017-இல் அறிமுகப்படுத்திய 'ரோக்கு' ஜின்னில் சேர்க்கப்படும் பொருள்களில் சக்குரா என்னும் செர்ரி மலரும் சென்ச்சா என்னும் பச்சைத் தேயிலையும் உண்டு. இந்தப் பானத்துக்கு அது இயல்பாகவே ஒத்துப்போகும். கிடைக்காவிட்டால் நல்ல வோட்கா போதும், அது தேநீரோடு போட்டியிடாது.

கலக்குதல்

ஒரு கிளாசுக்கு ஜின் 45 மில்லி, அதாவது ஒன்றரை ஸ்மால் பெக், குளிர்ந்த மல்லிகைத் தேநீர் 90 மில்லி, எலுமிச்சைச் சாறு 20 மில்லி, சர்க்கரைப் பாகு 20 மில்லி என்று அளந்து, பாதிக்கு மேல் ஐஸ் நிரப்பிய ஷேக்கரில் ஊற்றி, வெளிப்புறம் பனி படியும் வரை 10 முதல் 12 வினாடிகள் நன்றாகக் குலுக்குங்கள். ஷேக்கர் இல்லாதவர்கள் இறுக்கமான மூடியுள்ள ஊறுகாய் ஜாடியை வாசனை போகக் கழுவிப் பயன்படுத்தலாம். சோடாவை மட்டும் ஒருபோதும் உள்ளே ஊற்றிக் குலுக்காதீர்கள். வாயு அழுத்தத்தில் மூடி தெறித்துவிடும்.

350 முதல் 400 மில்லி கொள்ளும் உயரமான கிளாசில் புதிய ஐஸ் கட்டிகளை நிரப்பி, குலுக்கியதை வடிகட்டி ஊற்றி, மேலே 40 மில்லி சோடாவைச் சேர்த்து, நீண்ட கரண்டியால் ஒரே ஒரு முறை அடியிலிருந்து தூக்கிவிடுங்கள். இப்போது சுவைத்துப் பாருங்கள். புளிப்பு முன்னால் நின்றால் அரைத் தேக்கரண்டி பாகும், திகட்டினால் சில துளி எலுமிச்சையும் சரிசெய்துவிடும். கசப்புத் தெரிந்தால் சர்க்கரையை ஏற்றாமல், உப்பை ஒரு சிட்டிகைக்கும் குறைவாகச் சேருங்கள். சிறிதளவு உப்பே கசப்பை அடக்கிவிடும்.

அலங்காரம்

பூக்கடையில் வாங்கிய மல்லிகையைக் கிளாசில் மிதக்கவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். தலையில் சூடுவதற்காக விற்கப்படும் பூவில் பூச்சிமருந்து இருக்கக்கூடும் என்பதால் அதைச் செய்யக் கூடாது. நீளவாக்கில் மெல்லியதாகச் சீவிய வெள்ளரிக்காய்த் துண்டோ, எலுமிச்சைத் தோலின் ஒரு சுருளோ போதும். சங்குப்பூ ஊறிய நீரைச் சேர்த்தால் எலுமிச்சையின் புளிப்பில் நீலம் ஊதாவாக மாறிக் கண்ணைக் கவரும், ஆனால் மணத்துக்கு அதனால் பயன் எதுவும் இல்லை.

இந்த அளவில் செய்த பானத்தில் ஆல்கஹால் ஏறத்தாழ 8 சதவீதம், அதாவது கடுமையான பீருக்கு இணையாக இருக்கும். தேநீரின் மென்மையில் அது நாவுக்குத் தெரியாது என்பதை விருந்தினரிடம் சொல்லிவிடுங்கள். மது அருந்தாதவர்களுக்கு ஜின்னை விட்டுவிட்டு, தேநீரை 120 மில்லியாக உயர்த்தி, சோடாவுக்குப் பதிலாக, லேசான கசப்புள்ள குமிழ் பானமான டானிக் வாட்டர் சேர்த்துக் கொடுக்கலாம். டானிக்கில் ஏற்கனவே இனிப்பு இருப்பதால் பாகைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேருக்கு மொத்தமாகச் செய்வதானால் ஜின் 180, தேநீர் 360, சாறு 80, பாகு 80 மில்லி என்று ஜாடியில் கலந்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். குலுக்கும்போது ஐஸ் கரைந்து சேரும் நீர் இதில் இல்லாததால், 120 மில்லி குளிர்ந்த நீரையும் கூடவே ஊற்றிவிடுங்கள். ஐஸையும் சோடாவையும் பரிமாறும்போது ஒவ்வொரு கிளாசிலும் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.