பிடுங்கும் முன் அடியில் பாருங்கள்: பல் வளர்ச்சிக் கோளாறுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சிக்கு வரும் இளம் பல் மருத்துவர்களின் அருகில் நிற்கும்போதெல்லாம், எங்கள் தலைமுறை அந்த வயதில் செய்த அதே தவறுகள் அச்சுப் பிசகாமல் திரும்ப வருவதைப் பார்க்கிறேன். பல்லின் எண்ணை மாற்றி எழுதுவது, எக்ஸ்ரே படத்தை இடவலம் மாற்றிப் பிடிப்பது போன்றவற்றை இங்கே எடுக்கப்போவதில்லை. அவை சில வாரங்களில் தாமாகவே திருந்திவிடும். குழந்தையின் வாயில் காலம் முழுக்கத் தங்கிவிடும் தவறுகள்தான் என் கவலை.

## வயதைக் கணக்கிடாமல் காரணம் சொல்வது

வாயில் தெரியும் நாளில் பல் உருவாவதில்லை. கரு 6 வாரமாக இருக்கும்போதே தாடை விளிம்பில் திசு தடித்துப் பட்டையாகிறது. அதிலிருந்துதான் பல் மொட்டுகள் அரும்புகின்றன. பால் பற்களில் சுண்ணாம்புச் சத்து படிவது கர்ப்பத்தின் நான்காம் மாதவாக்கில் தொடங்கிவிடும். நிரந்தரப் பற்களின் கணக்கு வேறு. முதல் கடைவாய்ப் பல்லுக்கு அது பிறப்பையொட்டி நடக்கிறது; மேல் நடு வெட்டுப்பல்லுக்கு 3 அல்லது 4 மாத வயதில்; இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லுக்கு 2 வயதைத் தாண்டி. பல்லின் கெட்டியான வெளியுறையான எனாமலை உருவாக்கும் செல்கள், பல் வெளியே வந்ததும் இல்லாமல் போய்விடுகின்றன. ஆகவே, எனாமல் உருவாகும்போது விழுந்த குறை பின்னால் தானாக ஆறாது. அது பல்லின் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கொண்டு, எந்த வயதில் விழுந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இந்த அட்டவணையைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவர்கள்தான் நோயாளி முன்னால் அமரும்போது மறந்துவிடுகிறார்கள். நிரந்தர முன்பல் ஒன்றில் மட்டும் பழுப்புத் திட்டு இருந்த ஒரு சிறுவனின் தாயிடம், "கர்ப்பமாக இருந்தபோது என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?" என்று ஒரு பயிற்சி மருத்துவர் விசாரித்துக்கொண்டிருந்தார். கேள்விக்குக் கேள்வி அந்தத் தாயின் குரல் தாழ்ந்துகொண்டே போனது. அந்தப் பல்லில் எனாமல் கெட்டிப்படத் தொடங்கியதே குழந்தை பிறந்து சில மாதங்கள் கழித்துத்தான். செய்யாத குற்றத்தை அந்தத் தாய் ஏன் சுமக்க வேண்டும்?

ஒற்றைப் பல்லில் குறை இருந்தால், அந்த இடத்தில் முன்பு இருந்த பால் பல்லைப் பற்றிக் கேளுங்கள். குழந்தை விழுந்து அடிபட்டதா, அங்கே சீழ் வைத்ததா என்று கேளுங்கள். ஒரே காலத்தில் உருவான பற்களில் இருபுறமும் ஒத்துக் காணப்பட்டால்தான் ஃப்ளோரைடு, கடுமையான நோய், சத்துக் குறைவு என்று உடம்பு முழுவதையும் தொட்ட காரணங்களுக்குப் போக வேண்டும்.

## அடியில் பல் இருக்கிறதா என்று பார்க்காமல் பால் பல்லைப் பிடுங்குவது

இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

14 வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய தாய் அழைத்து வந்தார். கீழ்த்தாடையின் இரு பக்கமும் இரண்டாம் பால் கடைவாய்ப் பல்லை வேறோர் இடத்தில் 2 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்திருந்தார்கள். சொத்தை இல்லை, வலி இல்லை, ஆட்டமும் இல்லை. "வயதாகியும் விழவில்லை, புதுப் பல்லுக்கு வழிவிட வேண்டும்" என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். "இன்னும் எத்தனை மாதத்தில் முளைக்கும் டாக்டர்?" என்று தாய் கேட்டார். முழுத் தாடை எக்ஸ்ரே எடுத்தோம். புதுப் பல் இருக்க வேண்டிய இடத்தில் எலும்பின் மெல்லிய வலைப்பின்னல் மட்டுமே தெரிந்தது. முதல் கடைவாய்ப் பற்கள் இரண்டும் காலியிடத்துக்குள் சாய்ந்திருந்தன. விரல் வைத்துப் பார்த்தால் ஈறின் விளிம்பு மெலிந்து கூராகியிருந்தது. முளைக்கவே போவதில்லை என்று அந்தத் தாயிடம் சொல்ல வேண்டியவன் நானானேன்.

பிடுங்குவதற்கு முன் ஒரே ஒரு படம் எடுத்திருந்தால் இது நடந்திருக்காது. அதனால்தான் என்னால் இதை மன்னிக்க முடியவில்லை.

பிறவியிலேயே சில பற்கள் இல்லாமல் போவது அரிய விஷயமே அல்ல. ஞானப் பல்லை விட்டுவிட்டுக் கணக்கெடுத்தாலும், பல நாடுகளின் ஆய்வுகளில் நூற்றுக்கு 4 முதல் 7 பேருக்கு ஒரு நிரந்தரப் பல்லாவது உருவாவதே இல்லை. அப்படி விடுபடுவதில் கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லும் (அந்தச் சிறுமியிடம் பிடுங்கிய பால் பல்லின் இடத்தில் முளைக்க வேண்டியது இதுதான்) மேல்தாடையின் பக்கவாட்டு வெட்டுப்பல்லும் முன்வரிசையில் இருக்கின்றன. அடியில் வாரிசு இல்லாத பால் பல்லின் வேர் கரைவது மிக மெதுவாக நடக்கும். 12 வயதில் அது விழாமல் உறுதியாக நிற்பதே, அடியில் ஒன்றும் இல்லையோ என்று நம்மைச் சந்தேகப்பட வைக்க வேண்டும். அதையே பிடுங்குவதற்குக் காரணமாக்குவது கொடுமை.

நன்றாக இருக்கும் அத்தகைய பால் பல் 20 வயதைத் தாண்டியும், சிலரிடம் 40ஐத் தாண்டியும் வேலை செய்கிறது. முன்கடைவாய்ப் பல்லைவிட அது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலம் என்பதால், தேவைப்பட்டால் பக்கங்களைச் சற்றுக் குறைக்கலாம். எலும்போடு ஒட்டிப்போய்ப் பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்துகொண்டே போகிறதா என்பதை மட்டும் ஆண்டுதோறும் கவனிக்க வேண்டும். லேசாகத் தாழ்ந்தால் மேற்பரப்பை உயர்த்திக் கட்டலாம். வளரும் வயதில் வேகமாகப் புதைந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

பல்லைப் பறிகொடுத்த பிள்ளைக்கு என்ன வழி இருக்கிறது? இம்பிளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், வைக்கலாமே என்று இளையவர்கள் சட்டென்று சொல்வார்கள். வளரும் தாடையில் பதித்த இம்பிளான்ட் இடம் மாறாது; சுற்றியுள்ள பற்கள் எழும்பிவிட, அது மட்டும் பள்ளத்தில் நின்றுவிடும். முக வளர்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் எலும்பு இன்னும் வற்றிவிடும். அந்தச் சிறுமிக்குச் சாய்ந்த பற்களை நிமிர்த்தவே நீண்ட காலம் கம்பி போட வேண்டியிருந்தது.

பிடுங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பற்கள் நெருக்கமாக உள்ள வாயில், வாரிசு இல்லை என்பதை உறுதிசெய்து, பல் சீரமைப்பு நிபுணரோடு கலந்து, உரிய வயதில் பால் பல்லை எடுத்து இடத்தை மூடுவது நல்ல சிகிச்சைதான். அங்கே அது தெரிந்து எடுத்த முடிவு.

இதற்கு நேர் எதிரான அவசரமும் உண்டு. 6 வயதுப் பிள்ளையின் எக்ஸ்ரேயைப் பார்த்து "பல்லே இல்லை" என்று பெற்றோரிடம் அறிவித்துவிடுவது. ஞானப் பல்லை விட்டுவிட்டால், கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப் பல் எல்லாப் பற்களையும்விடச் சோம்பலாகத் தோன்றக்கூடியது. 9 வயதில்கூடப் படத்தில் முதன்முதலாகத் தெரிவதுண்டு. சந்தேகம் இருந்தால் குறித்துவைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள்.

வாய் சில தடயங்களைத் தரும். பக்கவாட்டு வெட்டுப்பல் ஆணிபோல் ஒடுங்கியிருப்பது, இரண்டு பால் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்திருப்பது, பெற்றோரில் ஒருவருக்கோ உடன்பிறந்தவருக்கோ பல் குறைவது. இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் எல்லாப் பற்களையும் எண்ணிவிடுங்கள். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட பற்கள் இல்லை என்றால் வாயோடு நிற்காதீர்கள். பல்லோடு முடியையும் வியர்வையையும் சேர்த்தே தொடும் பிறவிக் கோளாறாக இருக்கலாம்; முடி மெலிந்திருக்கிறதா, வியர்வை வருகிறதா என்று கேளுங்கள். வியர்க்காத பிள்ளைக்கு வெப்பத்தில் உடல் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அந்தக் குடும்பத்துக்கு இதை முதலில் சொல்பவர் பல் மருத்துவராகவே இருக்கக்கூடும்.

## ஒரு பக்கம் முளைத்து மறுபக்கம் முளைக்காதபோது "காத்திருங்கள்" என்பது

ஒரு மேல் நடு வெட்டுப்பல் வந்து 6 மாதம் கடந்தும் அதன் ஜோடி வரவில்லை என்றால் படம் எடுக்க வேண்டும். பக்கவாட்டு வெட்டுப்பல் முந்திக்கொண்டு வந்துவிட்டாலும் அப்படியே. பெரும்பாலும் நடுக்கோட்டருகே ஓர் உபரிப் பல் வழிமறித்து நிற்கும். சில நேரம் சிறுவயதில் பட்ட அடியால் வேர் வளைந்திருக்கும். பற்கள் தாமதமாக வருவது குடும்ப வழக்கமாக இருக்கலாம், ஆனால் அப்போது இரண்டு பக்கமும் சேர்ந்தே தாமதமாகும். பாட்டிக்கும் பல் பிந்தித்தான் முளைத்தது என்று பெற்றோர் சொன்னால், அந்த ஆறுதலை ஏற்றுக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். உபரிப் பல்லை உரிய நேரத்தில் எடுத்தால், வேர் முற்றாத பல் தானாக இறங்கிவர நல்ல வாய்ப்பிருக்கிறது. தாமதித்தால் அறுவை செய்து, கம்பியால் இழுத்துக் கொண்டுவர வேண்டும்.

## முன்பல் இடைவெளிக்கு ரப்பர் வளையம்

வேண்டவே வேண்டாம். வளையம் ஈறுக்குள் நழுவி, கூம்பிய வேர் வழியே மேலேறி, நல்ல பற்களையே பறித்துவிடும். கோரைப்பல் இறங்கும்போது அந்த இடைவெளி பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும்.

## 10 வயதில் கோரைப்பல்லைத் தடவிப் பார்க்காமல் விடுவது

மேலுதட்டுக்கு உள்பக்கம் விரல் வைத்தால் அரை நிமிட வேலை. ஒரு புறம் இறங்கிவரும் கோரைப்பல்லின் புடைப்பு தட்டுப்பட்டு மறுபுறம் தட்டுப்படாவிட்டால் எக்ஸ்ரே.

## முன்கடைவாய்ப் பல்லின் நடுமேட்டை ராவிவிடுவது

சிலருக்குக் கீழ் முன்கடைவாய்ப் பல்லின் நடுவில் சிறு மேடு கூடுதலாக வளர்ந்திருக்கும். கடிக்கும்போது இடிக்கிறது என்று அதை ஒரே வீச்சில் ராவித் தட்டையாக்குகிறார்கள். அந்த மேட்டுக்குள் பல்கூழ், அதாவது நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள உள்திசு, ஏறியிருக்கக்கூடும். அது திறந்துகொண்டால், சொத்தையே இல்லாத பல் வேர் முற்றும் முன்பே செத்துவிடும். சுற்றிலும் பசைப்பூச்சால் தாங்கல் கொடுத்து அது உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

## முழு வேரோடு விழுந்த பால் பல்லை அலட்சியப்படுத்துவது

3 வயதுக்கு முன்பே முன்பல் விழுந்துவிட்டது என்று பெற்றோர் பல்லை எடுத்துக்கொண்டு வருவார்கள். "பால் பல்தானே, சீக்கிரம் விழுந்துவிட்டது" என்று சொல்லி அனுப்புவதற்கு முன் அந்தப் பல்லைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். இயல்பாக விழும் பால் பல்லில் வேர் கரைந்து, குட்டையாகி இருக்கும். வேர் முழு நீளத்துக்கு அப்படியே இருந்து, அடிபட்ட வரலாறும் இல்லை என்றால், பல்லை எலும்போடு பிணைக்கும் வேர்ப்பூச்சு சரியாக உருவாகவில்லையோ என்று யோசிக்க வேண்டும். ஹைப்போபாஸ்பட்டேசியா என்ற பிறவி எலும்புக் கோளாறு இப்படித்தான் முதலில் வாயில் தலைகாட்டுவதுண்டு. ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவு குறைந்திருக்கும். ஆனால் குழந்தைகளுக்கு இயல்பு அளவே பெரியவர்களைவிட அதிகம். பெரியவர்களுக்கான வரம்போடு ஒப்பிட்டால் குறைவு கண்ணில் படாமல் போய்விடும். கடுமையான நிலைக்கு நொதி மாற்று மருந்து 2015 முதல் இருக்கிறது. அந்தப் பல்லைத் தூக்கி எறிய விடாதீர்கள். வேரின் நீளத்தை அளந்து எழுதி, படம் பிடித்து, வயதுக்கேற்ற வரம்போடு ஒப்பிடும்படி குறிப்பெழுதிக் குழந்தைநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.