வன்னியில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்க் கழகம் தொடங்குவது எப்படி

கொழும்பில் ஸ்போர்ட்ஸ் கார்க் கழகம் தொடங்க ஆளும் உண்டு, காரும் உண்டு. இங்கே நிலைமை வேறு. ஓமந்தையில் ஏ9 வீதிக் கரையில் நாள் முழுக்க நின்றாலும் ஹையேஸ் வான், பட்டா லொறி, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள், இடையிடையே மாடு. இரண்டு கதவுக் கார் ஒன்று போனால் அதுதான் அன்றைய புதினம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் இருந்த கார்களின் விலை ஏறியது, சாமான் அருகியது.

கிளிநொச்சியில் நாங்கள் ஒரு சின்னக் கழகம் நடத்துகிறோம். "எப்படித் தொடங்கினீங்கள்?" என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். ஒயில் மாற்றுவது, ரயருக்குக் காற்றுப் பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: யாரைச் சேர்ப்பது

ஒரே வகைக் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று தொடங்கினால் தலைவரும் நீங்கள்தான், செயலாளரும் நீங்கள்தான். வன்னிக்கு அது சரிவராது. மஸ்டா எம்எக்ஸ்-5, ரொயோற்றா எம்ஆர்2, செலிக்கா, ஸ்டார்லெட் கிளான்சா, ஹொண்டா சிஆர்-எக்ஸ், சிவிக் ஈகே, மிற்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆர் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் விடுங்கள். எம்ஜி மிட்ஜெட் மாதிரிப் பழசு ஏதாவது இருந்தால் வீட்டுக்கே போய்க் கூட்டிவாருங்கள்.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 வைத்திருக்கிற பெரியவர்களையும் சேர்க்கச் சொல்வேன். இதில் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. "அது ஸ்போர்ட்ஸ் காரா அண்ணை?" என்று பொடியள் கேட்டார்கள். இல்லைத்தான். ஆனால் அந்தக் கார்களோடு வருகிற மெக்கானிக்மார் வேறு எங்கும் கிடைக்கமாட்டார்கள். 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினவர்கள் அவர்கள். மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேண்டும். பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு என்பதால் அதைத் தாங்கும். கிளான்சாவின் டர்போ எஞ்சினில் அந்தப் பரிசோதனை வேண்டாம். ஆனால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைப் பிடிக்கிற காது அந்தக் காலத்து ஆட்களிடம்தான் இருக்கிறது.

பின்னுக்கு விங் பூட்டின ஓல்டோக்காரர் கேட்டால்? ஓட்டத்துக்கு வரட்டும், தேத்தண்ணி குடிக்கட்டும், வாக்குரிமை மட்டும் பிறகு பார்க்கலாம்.

படி 2: லோகோவுக்கு முன் கொப்பி

புதுக் கழகங்கள் எல்லாம் லோகோ, ஸ்ரிக்கர், ரீசேட் என்றுதான் தொடங்கும். நான் சொல்வது தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. வட்ஸ்அப் குழு தேவைதான். ஆனால் அதில் போட்ட தகவல் பிறந்தநாள் வாழ்த்துக்கும் காலை வணக்கப் பூவுக்கும் கீழே புதைந்துவிடும். கொப்பி கராச்சில் கிடக்கும், ஒயில் கையோடும் புரட்டலாம்.

ஒவ்வொரு காருக்கும் ஒரு பக்கம். மாதிரி இலக்கம், எஞ்சின் இலக்கத்தின் முன்பகுதி, பிறேக் பாட் இலக்கம், கிளச் தட்டின் அளவு, ரயர் அளவு, வீல் நட்டின் வகை. கடைசியாக, "எனக்குத் தேவை", "என்னிடம் மேலதிகமாக இருக்கு" என்று இரண்டு வரி. கழகத்தின் உயிர் அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது.

வீல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நிறையப் பேர் தடக்குகிற இடம் இது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, சாதாரண சிவிக் ஈகே, கிளான்சா மூன்றுக்கும் வீலில் நான்கு துளை, அந்தத் துளைகள் நிற்கிற வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர். "அப்ப ஒரு ஸ்பெயார் வீல் வாங்கினால் எல்லாருக்கும் காணும்" என்று தோன்றும். காணாது. நடுத்துளையைப் பாருங்கள். மஸ்டாவுக்கும் ரொயோற்றாவுக்கும் 54.1, ஹொண்டாவுக்கு 56.1. ஹொண்டா வீல் மற்ற இரண்டிலும் ஏறும், மற்ற இரண்டின் ஒரிஜினல் வீல் ஹொண்டாவில் ஏறாது. அதோடு விடயம் முடியவில்லை. நட்டின் புரி மூன்றுக்கும் ஒன்றுதான், 12க்கு 1.5 (விட்டம் 12 மில்லிமீற்றர், புரி இடைவெளி 1.5). ஆனால் ஹொண்டாவின் ஒரிஜினல் வீலில் நட்டு அமர்கிற இடம் உருண்டை, மற்ற இரண்டிலும் கூம்பு. கூம்பு நட்டை உருண்டைக் குழியில் இறுக்கினால் கைக்கு இறுகின மாதிரித்தான் இருக்கும். உள்ளே ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் பிடித்திருக்கும், ஓட ஓடக் கழரும். ஆகவே பொது ஸ்பெயார் வீல் வாங்குவதென்றால் ஹொண்டா வீலாக வாங்கி, அதற்குரிய நட்டு நான்கையும் சீலைப் பையில் போட்டு வீலோடு கட்டிவிடுங்கள். மாட்டியதும் உள்பக்கம் சஸ்பென்ஷனிலோ பிறேக்கிலோ முட்டுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். அந்த வீலில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், வேகம் வேண்டாம்.

படி 3: யாப்பு, வங்கி, பொலிஸ்

யாப்பு இரண்டு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். கழகத்தின் பெயர், நோக்கம், யார் உறுப்பினர், சந்தா, தலைவர்-செயலாளர்-பொருளாளர் தெரிவு, காசு எடுக்க இரண்டு கையெழுத்து, கழகம் கலைந்தால் மிச்சக் காசு யாருக்கு. கடைசி விடயத்தைப் பலர் எழுதுவதில்லை. அதில்தான் பிறகு அடிபாடு. பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார், பதிவு பற்றி அவரிடம் கேளுங்கள். வங்கிக்கு வழக்கமாக யாப்பு, கூட்ட அறிக்கை, கணக்குத் திறக்க எடுத்த தீர்மானம், பதவியில் இருப்பவர்களின் அடையாள அட்டைப் பிரதி வேண்டும். கணக்குத் திறக்கப்போகிற கிளையிலேயே முதலில் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, அதன்படி கூட்ட அறிக்கையை எழுதுங்கள். தீர்மானத்தில் வங்கியின் பெயரும் கிளையும் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள், திரும்பக் கூட்டம் வைக்கவேண்டி வரும்.

யாப்பில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: பொது வீதியில் போட்டி இல்லை, நேரம் பார்த்து ஓடுவது இல்லை. மீறினால் அன்றோடு உறுப்புரிமை முடிவு. ஊர்களுக்கு வெளியே காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றர், ஊருக்குள் 50. அதற்கு மேல் ஓடிக் காட்டத்தான் கழகம் என்று நினைக்கிறவர் கொழும்பு மோட்டார் விளையாட்டுக் கழகங்கள் நடத்துகிற போட்டிகளுக்குப் போகட்டும். சாதாரண கார்க் காப்புறுதி போட்டிக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது, உங்கள் ஒப்பந்தத்தின் விலக்குப் பகுதியை வாசித்துப் பாருங்கள். 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று பார்வையாளர் பக்கம் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். முறைப்படி ஒழுங்குசெய்த இடத்திலேயே அப்படியென்றால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற எங்கள் வீதிகளை யோசியுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் பொலிஸ் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுங்கள்: திகதி, நேரம், பாதை, கார் இலக்கங்கள். வரிசையாகத் தாழ்ந்த கார்கள் வந்தால் மறிக்காமல் இருக்கமாட்டார்கள். கடிதப் பிரதியும் லைசன்ஸும் காப்புறுதியும் கையில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் விடுவார்கள். சைலன்சர் சத்தம் கூடின கார் இருந்தால் கடிதம் காப்பாற்றாது.

படி 4: முதல் ஓட்டம்

ஆறு கார் போதும். கூடினால் இரண்டு குழுவாகப் பிரித்து கால் மணித்தியாலம் இடைவெளி விடுங்கள்.

சந்திக்கிற இடம் முறிகண்டி. ஏ9ல் போகிற எவரும் பிள்ளையாரடியில் நிற்பார்கள். தேங்காய் உடைக்க இடம், கச்சான், தேத்தண்ணி, மலசலகூடம் எல்லாம் உண்டு. புதிதாகச் சேருகிறவருக்கு வழி சொல்லவும் தேவையில்லை. சிரட்டைத் துண்டு கிடக்கிற பக்கம் மட்டும் காரை விடாதீர்கள்.

எல்லாரும் முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகத்தான் ஆசைப்படுவார்கள். முதல் ஓட்டத்துக்கு அது வேண்டாம். மாங்குளத்தால் ஏ34 போனாலும் பரந்தனால் ஏ35 போனாலும் காலையில் கிழக்கே போகிறீர்கள், வெயில் நேரே கண்ணுக்குள். தாழ்ந்த காரில் கண் மட்டமும் தாழ்வு, முன்னால் நிற்கிற மாடு தெரியாது. பரந்தனில் திரும்பிப் பூநகரிப் பக்கம் போங்கள். வெயில் முதுகுக்குப் பின்னால். கோட்டையைப் பார்த்துவிட்டு, 2011ல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் வரை போய்த் திரும்பலாம். பாலத்தில் காரை நிறுத்திப் படம் எடுக்கவேண்டாம். திரும்பி வருகிற நேரத்துக்குச் சூரியன் மேலே ஏறிவிடும். போக வர நூறு கிலோமீற்றர் அளவு, புதியவருக்கு அது காணும்.

விடியமுன் வெளிக்கிடவே கூடாது. இருட்டில் மாடு வீதியில் படுத்திருக்கும், லான்ட்மாஸ்டர் பெட்டிகளுக்குப் பின்விளக்கு இருக்கும் என்று நம்பமுடியாது, ஓமந்தைப் பக்கத்திலும் முல்லைத்தீவுப் பக்கத்திலும் யானையும் வரும்.

வரிசை இப்படி. முன்னுக்குப் பாதை தெரிந்த நிதானமான ஆள். இரண்டாவதாகப் புதியவர். கடைசியில் ஸ்பெயார் வீலும் கருவிப் பெட்டியும் உள்ள கார். ஒரு விதி மட்டும் மனப்பாடமாக இருக்கவேண்டும்: திரும்புகிற ஒவ்வொரு சந்தியிலும் பின்னால் வருகிற கார் உங்களைக் காணும் வரை ஓரமாக நில்லுங்கள், கண்டதும் போங்கள். எல்லாரும் இதைச் செய்தால் ஒருவரும் தொலையமாட்டார்கள், ஓடும்போது போன் எடுக்கவும் தேவையில்லை. வோக்கி டோக்கி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் காசுக்கு நல்ல ஜக் வாங்கலாம்.

நிறுத்தும்போது இரண்டு விடயம். ஆடி வெயிலில் காய்ந்த புல்லுக்கு மேல் நிறுத்தாதீர்கள். சைலன்சரோடு இருக்கிற கற்றலிற்றிக் கொன்வேட்டர் புல்லைப் பற்றவைக்கும், தாழ்ந்த காரில் இன்னும் சுலபமாக. அடுத்தது, சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் நிழல் நன்றாக இருக்கு என்று வீதியை விட்டு இறங்காதீர்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை எவ்வளவு காலம் நடந்தது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவருக்குத் தெரியாது.

படி 5: தாழ்ந்த காரும் உயர்ந்த வீதியும்

காப்பெற் போட்டதில் வீதி உயர்ந்துவிட்டது, கடை வாசலும் வளவும் பழைய மட்டத்தில் நிற்கிறது. நேரே இறக்கினால் முன் பம்பர் கீழே முட்டும். சரிவாக, ஒரு சில்லு முதலில் இறங்கும்படி எடுங்கள். அதுவும் காணாத இடத்துக்கு இரண்டங்குலத் தடிப்பில் இரண்டு பலகை, ஒரு முழ நீளத்தில், காரின் டிக்கிக்குள் வைத்திருங்கள்.

அதே பலகை வேறு வேலைக்கும் உதவும். ரயர் காற்றுப் போன தாழ்ந்த காருக்குக் கீழே சாதாரண ட்ரொலி ஜக் போகாது. காரைப் பலகையில் ஏற்றிவிட்டு ஜக்கை நுழையுங்கள். மண் தரையென்றால் ஜக்கின் கீழேயும் ஒரு பலகை. மழைக்குப் பிறகு செம்மண் ஜக்கை அப்படியே விழுங்கும்.

படி 6: சந்தா

மாதச் சந்தாவைச் சின்னதாக வையுங்கள், ஆனால் அறவிடுங்கள். ஓட்டச் சாப்பாட்டுக் காசைச் சந்தாவோடு கலக்காதீர்கள். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

பிற்சேர்க்கைகள்

மன்னாரிலிருந்து ஒருவர் பெற்றோல் பற்றிக் கேட்டிருந்தார். டர்போக் கார்களுக்கு 95 ஒக்டேன்தான் நல்லது, ஆனால் எல்லா நிரப்பு நிலையத்திலும் அது எப்போதும் இருக்காது. ஓட்டத்துக்கு முதல் நாள் போன் பண்ணிக் கேட்டு, முதல் நாளே அடித்துவிடுங்கள். 92 மட்டும் கிடைத்தால் டர்போவின் பூஸ்ற் ஏறாமல் மெதுவாக ஓடி வீடு சேருங்கள். 2022ல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறை வந்தபோது கார்களுக்கு வாரம் 20 லீற்றர்தான் தந்தார்கள். அப்படி ஒரு காலம் திரும்ப வந்தால் ஓட்டத்தை நிறுத்திக் கராச்சில் கூடுங்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வருகிற வெளிநாட்டுக்காரரை உறுப்பினராக்கலாமா என்று பலர் கேட்டார்கள். உறுப்பினராக்காவிட்டாலும் கொப்பியை அவர்களிடம் காட்டுங்கள். "எனக்குத் தேவை" என்ற வரியைப் படம் எடுத்துப்போய், அடுத்த தரம் வரும்போது புஷ், காஸ்கெற், சென்சர் எல்லாம் பெட்டிக்குள் கொண்டுவருகிறவர்கள் உண்டு. இலக்கத்தை முழுதாக எழுதிக் கொடுங்கள், "எம்எக்ஸ்-5 பிறேக் பாட்" என்று மட்டும் சொன்னால் வேறு வருடத்துக்கானது வரும். எயார்பாக், வாயு நிரப்பின ஷொக் அப்சோபர், பெற்றோல் மணக்கிற பழைய பம்ப் ஆகியவற்றைப் பயணப் பெட்டியில் போடச் சொல்லாதீர்கள். விமானத்தில் அவை ஆபத்தான பொருட்கள், விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். அவற்றைக் கப்பலில் போடலாமா என்று கப்பல் முகவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.