கனடாவுக்கு வரும் அம்மாக்களின் மருந்துப் பேணி

ரொறன்ரோவில் வந்து இறங்கியதும் ஜக்கெட் எங்கே மலிவு, பஸ் கார்ட் எங்கே எடுப்பது என்று ஆளுக்கு ஆள் சொல்லித் தருவார்கள். குளிசைகளைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதனால் அதை மட்டும் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இன்னும் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களும் வாசிக்கலாம்.

அம்மா கொக்குவிலில் இருந்து வந்தபோது மருந்தெல்லாம் ஒரு நெஸ்டமோல்ட் பேணிக்குள் இருந்தது. பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் கொடுத்த சின்னச் சின்ன உறைகள், மேலே பேனையால் எழுதிய பெயர்கள். பாதி அழிந்துவிட்டன. அடியில் ஒரு டைக்குளோபினாக் அட்டை. கேட்டால், "அது மருந்தில்லையடா, முழங்கால் நோவுக்குப் போடுறது" என்றார். பிரஷருக்கு அவர் எடுத்தது லொசார்ட்டனும், நீர் போகிற குளிசையும். இவற்றோடு அந்த நோக் குளிசையும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடலாம், பிரஷரும் கூடலாம். கால் வீங்கி, இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ஏறிய பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது.

ஆகவே புறப்படமுன் கிளினிக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். உறைகளை எறியாதீர்கள். கம்பனி வைத்த பெயரை விட மருந்தின் பொதுப்பெயர்தான் முக்கியம், அதற்குத்தான் எந்த நாட்டிலும் மதிப்பு. எங்கள் பனடோல் இங்கே ரைலனோல். பெட்டியில் அசெற்றமினோஃபென் என்றிருக்கும், எல்லாம் பரசிற்றமோல்தான். தடிமன் மருந்துகள் பலவற்றிலும் அதுவே ஒளிந்திருக்கும். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளுக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு, அதுதான் உச்சம். பெட்டியில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதன்படியே எடுங்கள். ஊர்ப் பனடோலும் இங்கத்தைத் தடிமன் மருந்துமாகப் போட்டால் தெரியாமலே அந்த அளவைத் தாண்டலாம். ஈரல்தான் பாவம்.

அடுத்தது, ஒரே பார்மசியைப் பிடித்துக்கொள்ளுங்கள். புது மருந்து பழையதோடு மோதினால் அவர்களின் கணினி காட்டிக்கொடுக்கும். விலை பார்த்து இரண்டு மூன்று கடைக்கு அலைந்தால் ஒரு கடைக்கும் முழுக்கதை தெரியாது. ஒன்ராறியோவில் ஹெல்த் கார்ட் இருந்து, நாட்பட்ட வருத்தத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் மருந்து எடுப்பவர்களுக்கு மெட்ஸ்செக் என்று ஒன்று உண்டு. பார்மசிஸ்ட் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பார், காசில்லை. விசிட்டராக வந்த பெற்றோருக்கு அது கிடையாது. ஆனால் கவுண்டரில் நின்று கேட்டுப் பார்க்கலாம், ஸ்காபுறோவில் தமிழிலேயே கேட்கலாம்.

அங்கே போகும்போது பேணியை அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள். சாப்பாடு, கைமருந்து என்று நாம் கணக்கில் எடுக்காதவற்றையும் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர், பாவற்காய்ச் சாறு என்றால் சீனிக் குளிசையோடு சேர்ந்து சீனியை அளவுக்கு மிஞ்சி இறக்கலாம். அதிமதுரம் பிரஷரைக் கூட்டும். "சோடியம் குறைந்தது" என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருந்தால் லொசார்ட்டன்காரருக்கு ஆகாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் முருங்கையிலையையும் கீரையையும் ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம். கிழமைக்குக் கிழமை அளவு மாறாமல் இருக்கட்டும்.

ஊரில் யாரும் காணாத ஒரு வில்லன் இங்கே கடை கடையாகக் கிடக்கிறது: கிரேப்ஃப்ரூட், தோடம்பழம் மாதிரி ஒரு கசப்புப் பழம். குடலில் மருந்தை உடைக்கும் நொதியை அது முடக்கிவிடும். கொலஸ்ட்ரோலுக்கு எடுக்கும் சிம்வாஸ்டாட்டின், பிரஷருக்கு எடுக்கும் நிஃபெடிபின் எல்லாம் இரத்தத்தில் தேவைக்கு மேல் தேங்கும். காலையில் ஜூஸ், இரவில் குளிசை என்று பிரித்தாலும் சரிவராது. அதன் வேலை ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும்.

இதை வாசித்துவிட்டு எதையும் தானாக நிறுத்த வேண்டாம், முதலில் கேளுங்கள். இரவில் சந்தேகம் வந்தால் 811 அடித்தால் தாதி ஒருவரோடு பேசலாம். மூச்சு முட்டினால், கறுப்பாக மலம் போனால் அதெல்லாம் இல்லை, நேரே 911.

அம்மாவின் பட்டியல் இப்போது பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. போன கிழமை அடியில் தன் கையாலேயே எழுதியிருந்தார்: "வெந்தயம், ஒரு தேக்கரண்டி".