குளிருக்கு அஞ்சாத ஜெரேனியம்: காட்டைப் பார்த்து நடுங்கள்

ஜன்னல் ஓரத் தொட்டிகளில் சிவப்பாகப் பூக்கிறதே, அதைப் பற்றி நான் பேசவில்லை. அது தென்னாப்பிரிக்காவின் பெலர்கோனியம். நல்ல உறைபனி ஒன்று விழுந்தால் கருகிவிடும். நீலகிரியில் எண்ணெய்க்காக வளர்க்கும் ஜெரேனியமும் அதன் இனம்தான். 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பெலர்கோனியத்தையும் உண்மையான ஜெரேனியத்தையும் ஒரே பேரினத்தில் அடைத்தார். 1789-இல் தாவரவியலாளர்கள் பிரித்துவிட்டார்கள். செடிக் கடைக்காரர்கள் இன்னும் பிரிக்கவில்லை.

நான் சொல்வது இங்கே வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் யாரும் நடாமலே பூக்கும் ஜெரேனியம். பெரும்பாலான வகைகள் குளிர்காலத்தில் மேலே காய்ந்துபோய், வசந்தத்தில் தூரிலிருந்து மறுபடி கிளம்பும்.

எதை எங்கே நடுவது என்று கையேடுகளைப் புரட்ட வேண்டாம். அந்தச் செடி இயற்கையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், போதும். நீலப்பூ பூக்கும் ப்ராட்டென்ஸ் என்ற ஜெரேனியம் இனம் ஜூன் மாதத்திலிருந்து சாலையோரப் புல்லோடு முட்டி மோதி உயரும். அதற்கு வெயிலும் ஆழமான மண்ணும் கொடுங்கள். ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் வைக்கோலுக்காக விடும் புல்வெளிகளில் சில்வாட்டிகம் பூக்கிறது. ஈரமும் அரைநிழலும் அதற்கு இதம். அயர்லாந்தின் பரென் சுண்ணாம்புப் பாறை இடுக்கிலும் நார்தம்பர்லாந்து கடற்கரை மணலிலும் மெஜந்தா நிறத்தில் படர்வது சாங்குவினியம். அதை உரமிட்ட கொழுத்த மண்ணில் வைத்துச் செல்லம் கொடுக்காதீர்கள். மரத்தடியில் வேர்கள் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிட்ட வறண்ட நிழலுக்கு, பால்கன் மலைகளின் மாக்ரோரைசம்தான் என் தேர்வு. இலையைக் கசக்கினால் காரமான வாசனை வரும். அடர்ந்து மூடிவிடுவதால் அதன் கீழே களை எளிதில் தலைதூக்காது.

சாலையோரச் செடியைப் பிடுங்கிவர ஆசைப்படாதீர்கள். நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் காட்டுச் செடியை வேரோடு எடுப்பது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனில் குற்றம். நர்சரியில் வாங்கி, செடிக்குச் செடி முக்கால் முழம் இடைவெளி விட்டு நடுங்கள். முதல் கோடையில் மட்டும் தவறாமல் தண்ணீர் ஊற்றுங்கள்.

அடுத்து வெட்டு. இதில்தான் பலருக்குக் கை நடுங்குகிறது. ப்ராட்டென்ஸ், மாக்னிஃபிகம் போன்றவை முதல் சுற்றுப் பூ முடிந்ததும் சாய்ந்து, இலையில் சாம்பல் நோய் படிந்து, பார்க்கச் சகிக்காது. தரையோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். பூக்காம்பை மட்டும் கிள்ளுவது அரைகுறை வேலை. வெட்டியபின் தாராளமாகத் தண்ணீர் விட்டால் சில வாரங்களில் புது இலை வந்துவிடும். ப்ராட்டென்ஸ் மறுபடி பூக்கவும் கூடும். நான் வெட்டும் நாளில் என் கணவர் தோட்டத்துப் பக்கமே வருவதில்லை.

வெட்டாமல் விட்டால் ப்ராட்டென்ஸின் காய் கொக்கின் அலகுபோல் நீண்டு காயும். பிறகு ஐந்து விதைகளும் விசையோடு தெறித்துப் பறக்கும். அடுத்த ஆண்டு நடைபாதைக் கல்லிடுக்கில்கூட முளைக்கும். எனக்கு அது பிடிக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்காது.

சில ஆண்டுகளில் தூரின் நடுப்பகுதி கட்டைதட்டிப் போகும். வசந்தத் தொடக்கத்திலோ இலையுதிர் காலத்திலோ தோண்டி எடுத்து, ஓரத்திலுள்ள இளம் துண்டுகளை நடுங்கள். நடுக்கட்டை மட்கு குழிக்கு. நத்தைகள் பொதுவாக இவற்றைச் சீண்டுவதில்லை. தொட்டியில் வளர்த்தால்தான் வேரைத் தின்னும் வண்டுப் புழுவுக்குக் கண்காணிப்பு தேவை.

ஒரே ஒரு செடிக்குத்தான் இடமென்றால் 'ரோசான்' வாங்குங்கள். சாமர்செட் தோட்டமொன்றில் தற்செயலாக உருவான கலப்பினம் இது. இமாலய இனங்கள் இரண்டு அதன் பெற்றோர். 2013-இல் லண்டனின் செல்சி மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டுச் செடியாகத் தேர்வானது. ஜூனிலிருந்து உறைபனி வரை ஓயாமல் பூக்கும். விதை பிடிக்காததுதான் அதற்குக் காரணம். ஆகவே 'ரோசான் விதை' என்று யாராவது பொட்டலம் விற்றால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.